ஐ.சி.டி. கருவி அப்பாவுக்கு ஷாக் கொடுத்தது: காரணம் மோட்டார் கொட்டகையா, இதயமா?

கேள்வி: தென்னந்தோப்பு

அனைவருக்கும் வணக்கம். நான் பட்டுக்கோட்டைப் பக்கத்தைச் சேர்ந்தவன். என் தந்தைக்கு வயது 66. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகும் எக்கோவில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதத்தைத் தாண்டாததால், சென்ற கார்த்திகையில் இடது தோளுக்குக் கீழே, ஆபத்தான வேகத்துடிப்பு வந்தால் தானாகவே ஷாக் கொடுத்து இதயத்தைச் சீராக்கும் ஐ.சி.டி. கருவியைப் பொருத்தினார்கள். இதயத்துக்குள் ஒரே ஒரு கம்பி மட்டும் செல்லும் வகை அது. எட்டு மாதங்களாக எந்தத் தொல்லையும் இல்லை.

பன்னிரண்டு நாள்களுக்கு முன் காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்காக மோட்டார் கொட்டகைக்கு வேகமாக நடந்து சென்றவர், ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு வாய்க்கால் பக்கம் திரும்பிப் பத்தடி நடப்பதற்குள், நெஞ்சுக்குள் வெடி வெடித்ததுபோல் உணர்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். மயக்கம் இல்லை, ஐந்து நிமிடத்தில் எழுந்து தானாகவே வீட்டுக்கு வந்தார். கை ஈரமாக இருந்ததால் மோட்டாரில்தான் கரண்ட் அடித்துவிட்டது என்று அவர் இன்றும் நம்புகிறார். எலெக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டுக் கசிவு எதுவும் இல்லை என்று சொன்னார். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, எடுத்தவர், மயக்கம் இல்லை என்றால் அடுத்த மாதம் வழக்கமான தேதியில் வந்தால் போதும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. அப்பா தோப்புப் பக்கமே போவதில்லை, கொல்லைப்புறத்துக்குப் போகக்கூட யோசிக்கிறார். தொட்டால் தனக்கும் ஷாக் அடிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி அம்மா தனியே கூடத்தில் படுக்கிறார். ஒவ்வொரு ஷாக்கும் இதயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்; அது உண்மையா? அவரைப் பிடித்திருக்கும்போது ஷாக் வந்தால் எங்களுக்கு என்ன ஆகும்? ஷாக்கின் அளவைக் குறைத்து வைக்கச் சொல்லிக் கேட்கலாமா? இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: பழைய டெக்னீசியன்

தம்பி, நான் மருத்துவர் அல்லன். இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் கேத் லேபிலும் பேஸ்மேக்கர், ஐ.சி.டி. கருவிகளைப் பரிசோதிக்கும் அறையிலுமாக 24 ஆண்டுகள் டெக்னீசியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே, நான் எழுதுவதை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம்வரை காத்திருக்காதீர்கள். ஒரே ஒரு ஷாக் வந்து, அதன் பின் ஆள் தெளிவாக இருந்தால் நள்ளிரவில் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டியதில்லை என்பது சரிதான். ஆனால் ஓரிரு நாள்களுக்குள் கருவியைப் பரிசோதித்துவிட வேண்டும். ஒரே நாளில் இரண்டாவது ஷாக் வந்தாலோ, ஒரு ஷாக்தான் என்றாலும் அதனுடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலுமோ, யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். தொலைபேசியை எடுத்தவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போயிருக்கலாம். நேரில் சென்று, ஷாக் வந்தது, கருவியைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று டிவைஸ் செக் செய்யும் இடத்திலேயே சொல்லுங்கள்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஷாக் கொடுப்பதற்கு முந்தைய நொடிகளில் இதயம் எப்படித் துடித்தது என்பதை அந்தக் கருவி ஈ.சி.ஜி. போலவே வரைந்து தனக்குள் வைத்திருக்கும். புரோகிராமர் என்கிற சிறு கணினியின் வட்டமான தலையைச் சட்டைமேல் வைத்தால் சில நிமிடங்களில் அது திரைக்கு வந்துவிடும். மின்கசிவுதான் காரணம் என்றால் நொடிக்கு 50 முறை வீதம் சீப்பின் பற்களைப் போல நெருக்கமான, ஒரே சீரான கோடுகள் தெரியும்; எந்த மனித இதயமும் அப்படித் துடிக்க முடியாது. கம்பியில் விரிசல் இருந்தால் அங்கங்கே தாறுமாறான கிறுக்கல் இருக்கும். உயிருக்கு ஆபத்தான கீழறை வேகத்துடிப்பு, அதாவது இதயத்தின் கீழறை மட்டுமீறி வேகமாகத் துடிப்பது என்றால் அகன்ற அலைகள் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றையொன்று ஒத்திருக்கும். உங்கள் வீட்டில் நடக்கும் வழக்குக்குச் சாட்சி அவருடைய நெஞ்சிலேயே இருக்கிறது. எலெக்ட்ரீசியனின் டெஸ்டரில் இல்லை.

மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. எர்த் சரியில்லாத வாஷிங் மெஷினையோ மோட்டாரையோ ஈரக்கையுடன் தொட்டு, நமக்குச் சுருக்கென்றுகூடத் தெரியாத சிறு கசிவை ஐ.சி.டி. இதயத் துடிப்பாக எண்ணி ஷாக் கொடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகி இருக்கின்றன. ஆகவே உங்கள் தந்தையின் சந்தேகம் அசட்டுத்தனமானது அன்று. ஆனால், கருவி கோளாறைக் கண்டறியச் சில நொடிகளும் ஷாக்குக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கியை நிரப்ப ஏறத்தாழ பத்து நொடிகள்வரையும் ஆகும். நிரப்பிய பிறகும் துடிப்பை இன்னொரு முறை சரிபார்த்து, கோளாறு நின்றிருந்தால் ஷாக்கைக் கைவிட்டுவிடும் வழக்கம் பெரும்பாலான கருவிகளுக்கு உண்டு. அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்துத் திரும்பி நடந்த பிறகுதான் ஷாக் வந்திருக்கிறது என்பதால், எனக்கு மோட்டார்மீது சந்தேகம் குறைவாகவே இருக்கிறது. எப்படியானாலும் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி நாளாகியிருந்தால் அதைச் செய்துவிடுங்கள். அது கருவி இல்லாதவர்களுக்கும் நல்லது.

ஷாக்கின் அளவு என்ன என்று பலர் கேட்பார்கள். கருவி அதிகபட்சமாக 35 முதல் 40 ஜூல்வரை கொடுக்கும். ஒரு கிலோ எடையைத் தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது, பெரிதன்று. ஆனால் அது 750, 800 வோல்ட் அழுத்தத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் இதயத்தின் ஊடாகப் பாய்ந்துவிடுவதால்தான் அவ்வளவு பலமாகத் தெரிகிறது. வெளியிலிருந்து மார்பில் பட்டைகளை ஒட்டிக் கொடுக்கும் ஷாக்குக்கு 120 முதல் 200 ஜூல்வரை தேவைப்படும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே, இதற்கு 800 வோல்ட்டா என்று பயப்பட வேண்டாம். வீட்டு மின்சாரத்தின் ஆபத்து அது விடாமல் பாய்ந்துகொண்டே இருப்பதிலும், துடிப்பு தடுமாறக்கூடிய நொடியில் போய் விழுந்துவிடுவதிலும் இருக்கிறது. ஐ.சி.டி.யோ முடிந்தவரை துடிப்பின் உச்சத்தோடு ஒத்திசைந்து, அந்தத் தடுமாறும் நொடியைத் தவிர்த்தே ஷாக் கொடுக்கிறது.

இதயத்தைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் இல்லை. ஷாக்குக்குப் பின் இதயத்தசை சில நொடிகளோ நிமிடங்களோ சோர்ந்து மீளும். ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற இதயத்தசைப் புரதம் சற்று உயரலாம். ஓரிரு துடிப்புகள் தாமதமானால் கருவியே பேஸ்மேக்கராக நின்று தாங்கிக்கொள்ளும். மிக அரிதாக, தேவையில்லாமல் வந்த ஷாக்கே கெட்ட துடிப்பைத் தூண்டிவிடுவதும் உண்டு. அப்போது கருவி உடனே அடுத்ததைக் கொடுக்கும். நீங்கள் பார்த்த காணொளியின் மூலம் அனேகமாக எஸ்.சி.டி.-ஹெஃப்ட் என்ற அமெரிக்க ஆய்வாக இருக்கும். அதில் கருவி வைத்த 811 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு ஷாக்காவது வாங்கினார்கள். ஷாக் வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிட அதிகமாக இறந்தார்கள் என்று 2008-இல் வெளியிட்டார்கள். ஆனால் அவர்களில் பலர் இறந்தது இதயம் படிப்படியாகச் செயலிழந்ததால். புகை வந்த வீட்டில் நெருப்பும் இருந்தது. புகைதான் வீட்டை எரித்தது என்று சொல்ல முடியாது. இதே ஆய்வுதான், இத்தகைய நோயாளிகளுக்குக் கருவி வைத்ததால் மரணம் 23 சதவீதம் குறைந்தது என்று 2005-இல் காட்டியது. காணொளிக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இருந்தாலும் தேவையற்ற ஷாக்கைக் குறைப்பது நல்லது என்பதில் இருவேறு கருத்தில்லை. 2012-இல் வெளியான மாடிட்-ரிட் ஆய்வில் 1500 பேரைப் பிரித்து, சிலருக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 200-க்கு மேல் போனால்தான் கருவி தலையிட வேண்டும் என்றும், சிலருக்கு நீண்ட நேரம் பொறுத்திருந்து தலையிட வேண்டும் என்றும் அமைத்தார்கள். தேவையற்ற சிகிச்சை வெகுவாகக் குறைந்தது. இறப்பும், பழைய முறையில் அமைத்தவர்களோடு ஒப்பிட 200-ஐ எல்லையாக வைத்தவர்களிடம் பாதியாக இருந்தது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஷாக்கின் அளவைக் குறைப்பதைப் பற்றி அன்று. அதைக் குறைத்தால் தேவைப்படும் நேரத்தில் அது பலிக்காமல் போகலாம். எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் பொறுத்து ஷாக் கொடுக்கும்படி வைத்திருக்கிறீர்கள், ஷாக்குக்கு முன், சிறு மின்தூண்டல்களால் இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்துக் கோளாறை அடக்கும் வலியில்லாத வேகப் பேசிங்கை முயலச் சொல்லியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். வேகமான கீழறைத் துடிப்புகளில்கூட நான்கில் மூன்று பங்கு அந்தப் பேசிங்கிலேயே அடங்கிவிடும் என்பது பழைய ஆய்வுகளிலேயே தெரிந்த ஒன்று. நோயாளிக்கு அது நடந்ததே தெரியாது.

உங்கள் தாயாரிடம் சொல்லுங்கள்: ஷாக் வரும் நொடியில் அவரைத் தொட்டிருந்தால், அதிகபட்சம் லேசான சுள்ளென்ற உணர்வோ, அவர் உடல் துள்ளும் அதிர்வோ கையில் தெரியலாம், தொட்டவருக்குத் தீங்கு நேராது. மின்சாரம் கம்பிக்கும் கருவியின் உலோக உறைக்கும் இடையே உடலுக்குள்ளேயே ஓடி முடிந்துவிடுகிறது. அவர் நினைவிழந்து மூச்சில்லாமல் கிடந்தால், கருவி பார்த்துக்கொள்ளும் என்று விலகி நிற்காமல், தயங்காமல் மார்பை அழுத்தி உயிர்மீட்பு முதலுதவி செய்யத்தான் வேண்டும்.


பதில்: நலம்விரும்பி

எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். ஷாக் வருகிறாற்போல் இருந்தால் அதை எடுத்துக் கருவிமேல் வைத்துக்கொள்வாராம், ஷாக் நின்றுவிடுமாம். நீங்களும் முயன்று பார்க்கலாம். செல்போன், மைக்ரோவேவ் அவன் ஆகியவற்றை வீட்டில் வைக்காமல் இருப்பதும் நல்லது.


பதில்: பழைய டெக்னீசியன்

நலம்விரும்பி அவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். காந்தத்தை வைத்தால் ஷாக் நிற்கும் என்பது உண்மை. அது அங்கிருக்கும்வரை கருவி எதற்குமே ஷாக் கொடுக்காது என்பதுதான் அதன் பொருள். கீழறை துடிக்காமல் வெறுமே நடுங்கும் கீழறை நடுக்கம் வந்தவர் சில நொடிகளில் நினைவிழப்பார். காந்தம் நெஞ்சின் மேலேயே கிடக்கும். காப்பாற்ற வைத்த கருவி சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். தேவையற்ற ஷாக்குகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும்போது, அவசரப் பிரிவில் ஈ.சி.ஜி. திரையும் வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரும் பக்கத்தில் இருக்க, மருத்துவர்கள் காந்தத்தை வைப்பார்கள். வீட்டுத் தலையணைக்கு அடியில் அதற்கு வேலை இல்லை.

இந்தக் கருவியை உருவாக்கிய மிரோவ்ஸ்கி, தன் ஆசிரியர் இதயத் துடிப்புக் கோளாறால் திடீரென்று இறந்ததைப் பார்த்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் கொண்டார். 1980-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் மனிதருக்கு வைத்தபோது, மார்பைத் திறந்து, ஏறத்தாழ கால் கிலோ எடையுள்ள பெட்டியை வயிற்றுப் பகுதியில் புதைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டு உள்ளே வைத்த காவலாளியைக் காந்தத்தால் தூங்கவைக்கலாமா?

மற்றபடி, செல்போனை வலது காதில் வைத்துப் பேசட்டும். சட்டைப் பையில் கருவிக்கு மேல் வைக்காமல் 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் போதும். காந்தம் பதித்த புதிய போன்களுக்கும் காதொலிப்பான் பெட்டிகளுக்கும் இது இன்னும் முக்கியம். மைக்ரோவேவ் அவனால் பாதகம் இல்லை. இன்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் இரண்டடி தள்ளி நிற்கட்டும்.


பதில்: நொய்யல்கரை

வணக்கம். டெக்னீசியன் ஐயா வெளியிலிருந்து பார்த்ததை எழுதிவிட்டார். நான் உள்ளிருந்து எழுதுகிறேன். எனக்கு இதயத்தசை தடித்துப்போகும் பரம்பரை நோய். என் அண்ணன் 29 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டான்; அதன் பிறகுதான் குடும்பத்தில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். எனக்கு 2017-இல் கருவி வைத்தார்கள். இதுவரை நான்கு ஷாக் வாங்கியிருக்கிறேன்.

முதல் ஷாக் 2018-இல், ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது வந்தது. கண் இருண்டு வருவது தெரிந்தது. பிறகு மாடு முட்டித் தள்ளியதுபோல் நெஞ்சில் ஓர் அடி. வாயிலிருந்து என்னை அறியாமல் ஒரு சத்தம். அவ்வளவுதான். கூட ஆடியவர்கள் என்னைவிடப் பயந்துபோனார்கள். வலி ஒரு நொடிக்கு மேல் நீடிக்கவில்லை. தோளும் மார்புத்தசையும் மறுநாள்வரை கன்றிப்போனதுபோல் இருந்தன. பதிவைப் பார்த்த மருத்துவர், துடிப்பு 240-ஐத் தாண்டியிருந்தது, இது இல்லாவிட்டால் நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள் என்றார்.

மற்ற மூன்றும் 2021-இல் ஒரே இரவில் வந்தன. இரண்டு நாள்களாக வயிற்றுப்போக்கு. வெறும் கஞ்சியில் காலம் ஓட்டினேன். பொட்டாசியம் இறங்கிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. பதினோரு மணிக்கு ஒன்று, பன்னிரண்டரைக்கு ஒன்று, ஆம்புலன்சுக்குள் ஒன்று. 24 மணி நேரத்தில் தனித்தனியாக மூன்று முறை வந்தால் அதை மின்புயல் என்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பொட்டாசியமும் மெக்னீசியமும் ஏற்றி, துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தும் கொடுத்து, தூங்கவும் வைத்தார்கள். பயமே அட்ரினலினை ஏற்றி அடுத்த ஷாக்கை அழைத்து வரும் என்பதால் தூக்கமும் சிகிச்சைதான் என்றார் அங்கிருந்த மருத்துவர். தென்னந்தோப்பு அவர்களே, உங்கள் தந்தைக்கு வாந்தி, பேதி ஏதும் வந்தால், சாதாரணம் என்று விட்டுவிடாமல் அன்றே ரத்தத்தில் உப்புகளின் அளவைப் பார்த்துவிடுங்கள்.

அதற்குப் பின் வந்த ஆறு மாதங்கள்தான் உண்மையில் கடினமானவை. இரவில் ஷாக் அடித்து அலறிக்கொண்டு எழுவேன். மனைவி காரை எடுப்பாள். கருவியைப் படித்துப் பார்த்தால் ஒன்றுமே நடந்திருக்காது. இப்படி மூன்று முறை. இல்லாத ஷாக்கை உடல் உணர்வது பலருக்கும் நேர்வதுதான், நீங்கள் நடிக்கவில்லை என்று ஒரு டெக்னீசியன் பெண் சொன்னபோது அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். மனநல ஆலோசகரிடம் எட்டு முறை சென்றேன். ஷாக் வந்த இடத்தையும் அப்போது செய்துகொண்டிருந்த செயலையும் தவிர்க்கத் தொடங்கினால், தவிர்க்கும் வட்டம் ஒவ்வொரு வாரமும் பெரிதாகும் என்பதுதான் அங்கே நான் கற்றது. எனக்கு அந்த ஷட்டில் அரங்கம். உங்கள் தந்தைக்கு மோட்டார் கொட்டகை. தோப்பில் தொடங்கியது இப்போது கொல்லைப்புறம்வரை வந்துவிட்டது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணம் தெரிந்து மருத்துவர் சரியென்று சொன்ன பிறகு, அவரைக் கூட்டிக்கொண்டு நீங்களே அங்கே போய், கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒரு ஷாக் வந்து நன்றாக இருந்தால் யாரை அழைப்பது, இரண்டு வந்தால் எங்கே போவது, கருவியின் அட்டை எந்தப் பையில் இருக்கிறது என்ற மூன்றே வரிகள். அந்தத் தாள் மனைவிக்குக் கொடுத்த தைரியத்தை எந்த ஆலோசகரும் கொடுக்கவில்லை. வண்டி ஓட்டுவதை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். எனக்கு மின்புயலுக்குப் பின் ஆறு மாதம் சாவியைத் தொடக்கூடாது என்றார்கள். எரிச்சலாக இருந்தது, ஆனால் சாலையில் எதிரே வருபவருக்கு என் கருவியோடு சம்பந்தம் இல்லையே.


பதில்: மாலைவேளை

நான் சென்னையில் வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் தந்தைக்கு இப்போது தேவைப்படும் செய்தி அன்று இது, ஆனால் ஐ.சி.டி. வைத்த ஒவ்வொரு குடும்பமும் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால், நல்லபடியாக இருக்கும்போதே எழுதுகிறேன்.

புற்றுநோயோ, முற்றிய இதயச் செயலிழப்போ வந்து ஒருவர் இயல்பாக உயிர்விடும் நேரத்தில், அவருடைய இதயத் துடிப்பு கடைசியில் தடுமாறத்தான் செய்யும். கருவிக்கு அது மரணம் என்று தெரியாது. அடங்க விடாமல் மீண்டும் மீண்டும் ஷாக் கொடுக்கும். மகன் மடியில் படுத்திருந்த ஒரு முதியவர் அப்படித் துள்ளுவதைப் பார்த்த குடும்பத்தை நான் அறிவேன். ஷாக் வசதியை மட்டும் புரோகிராமர் மூலம் நிறுத்திவிட்டு, பேஸ்மேக்கர் வேலையை விட்டுவைக்க முடியும். நிறுத்துவதால் வலியோ உடனடி மரணமோ நேராது. அது எப்போது, யாருடைய விருப்பப்படி என்பதை நோயாளி தெளிவாகப் பேசும் காலத்திலேயே அவரிடம் கேட்டுவைப்பது நல்லது.

இறந்த பிறகு உடலை எரியூட்டுவதாக இருந்தால் கருவியை முன்னதாகவே அகற்ற வேண்டும். சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும். அகற்றுவதற்கு முன் ஷாக் வசதியை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கம்பியை வெட்டுபவருக்கு ஷாக் அடிக்கலாம். இந்த இரண்டையும் மயானத்தில் நின்றுகொண்டு கற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.


பதில்: தென்னந்தோப்பு

அனைவருக்கும் நன்றி. இங்கே எழுதப்பட்டதைப் படித்துவிட்டு மறுநாளே தஞ்சாவூருக்குச் சென்று, நேராக டிவைஸ் செக் அறை வாசலில் உட்கார்ந்தோம். பதிவு திரையில் வந்தது. மோட்டாரும் இல்லை, நாங்கள் பயந்த கீழறை வேகத்துடிப்பும் இல்லை. மேலறை நடுக்கம், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது என்றார்கள். துடிப்பு 190-க்கும் 205-க்கும் இடையே ஏறி இறங்கியிருக்கிறது. கருவி அதைக் கீழறைக் கோளாறு என்று எண்ணி, முதலில் இரண்டு முறை வேகப் பேசிங் கொடுத்துப் பார்த்து, அது பலிக்காததால் 35 ஜூல் ஷாக் கொடுத்திருக்கிறது. ஷாக்குக்குப் பின் துடிப்பு 84-க்கு வந்து நின்றதையும் காட்டினார்கள்.

மருத்துவர் எல்லா மாத்திரைகளையும் மேசைமேல் எடுத்துவைக்கச் சொன்னார். ஒரு அட்டையில் மட்டும் மாத்திரைகள் அதிகமாக மீந்திருந்தன. துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலாலை, உடம்பு அசதியாக இருக்கிறது என்று அப்பா மூன்று வாரமாக எங்களுக்குத் தெரியாமல் விட்டுவிட்டிருக்கிறார். மருத்துவர் கோபிக்கவில்லை; அளவைப் பிரித்து இரவில் போடச் சொல்லியிருக்கிறார். தைராய்டு பரிசோதனையும் எழுதினார். கருவி 200-க்கு மேல் போனால்தான், அதுவும் இன்னும் சற்றுப் பொறுத்துத்தான் தலையிடும்படி மாற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸாபான் தொடங்கி, ஸ்டென்ட் வைத்து ஓராண்டு கடந்துவிட்டதால் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார். இந்தப் புதிய மாத்திரை ஏன் என்பதுதான் எனக்குச் சரியாக விளங்கவில்லை.


பதில்: பழைய டெக்னீசியன்

ஒற்றைக் கம்பிக் கருவிக்கு மேலறையில் காது இல்லை என்பதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். அது கீழறையை மட்டும் கேட்டு, துடிப்புகளின் இடைவெளி சீராக இருக்கிறதா, திடீரென்று தொடங்கியதா, அலையின் வடிவம் மாறியதா என்பவற்றை வைத்து ஊகிக்கிறது. மேலறை நடுக்கத்தில் துடிப்பு ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். ஆனால் 200-ஐ நெருங்கும்போது அந்த ஒழுங்கின்மை சுருங்கிவிடுவதால் ஏமாந்துபோகும். தேவையற்ற ஷாக்குகளுக்கு மிகப் பொதுவான காரணம் இதுவே.

மாத்திரையின் காரணம் இதுதான். மேலறை நடுங்கும்போது அதன் ஒரு மூலையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். நடுக்கம் இரண்டு நாள்களுக்கு மேல் நீடித்திருந்த நிலையில் ஷாக் அதைச் சட்டென்று சீராக்கினால், மீண்டும் சுருங்கத் தொடங்கும் மேலறை அந்தக் கட்டியை வெளியே தள்ளி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். ஷாக்கின் விளைவுகளில் எனக்கு உண்மையில் பயம் இருப்பது இந்த ஒன்றில்தான்; இதைத்தான் எந்தக் காணொளியும் சொல்வதில்லை. திட்டமிட்டு வெளியிலிருந்து ஷாக் கொடுத்து நடுக்கத்தைச் சீராக்கும்போது, பெரும்பாலும் முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு இந்த மாத்திரை கொடுப்பார்கள். உங்கள் தந்தைக்குக் கருவி முன்னறிவிப்பின்றிச் செய்துவிட்டது. நடுக்கம் மீண்டும் வரவும் கூடும். ஆகவே அசதி என்று இந்த மாத்திரையையும் அவர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ அன்றும் 108-தான்.


பதில்: தென்னந்தோப்பு

விளங்கியது, ஐயா. இப்போது மாத்திரைப் பெட்டி அம்மாவின் பொறுப்பில் இருக்கிறது. அன்று பரிசோதனை அறையில் இருந்த பெண், அம்மாவின் கையைப் பிடித்து அப்பாவின் தோளுக்குக் கீழே மேடாக இருக்கும் கருவியின்மேல் வைத்து, இதுதான் அம்மா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது என்றார். அம்மா சிறிது நேரம் கையை எடுக்கவில்லை. கூடத்துப் பாய் மறுநாள் உள்ளறைக்குப் போய்விட்டது.

நொய்யல்கரை அவர்கள் சொன்னபடி கொட்டகைக்கும் போய்வந்தோம். முதல் நாள் வாசலிலேயே நின்றார். நான்காம் நாள் உள்ளே வந்தார். எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீரும் அவரே ஊற்றினார். காரணம் மோட்டார் இல்லை என்பதைத் திரையில் பார்த்துவிட்டார், அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் விளக்கிச் சொல்கிறார். ஆனாலும் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை மட்டும் இன்னும் காய்ந்த தென்னமட்டைத் துண்டால்தான் அழுத்துகிறார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.